பதினைந்து டிகிரி

ஜூன் 14, சனி

மாலை 3.52.

மணியைப் பார்த்துவிட்டுத்தான் போனை எடுத்தேன். பழுது என்று யார் கூப்பிட்டாலும் முதலில் நேரத்தைக் குறிப்பது என் வேலைப் பழக்கம்.

மேல் கிளினிக் நர்ஸ் பலேசா. பின்னால் காற்று இரைந்தது. பனியில் ஊர் டவர் நின்றுபோய், சிக்னலுக்காக முகட்டுக்கு ஏறி வந்திருக்கிறாள்.

"அண்ணே, உக்காந்திருக்கீங்களா?"

"நின்னுக்கிட்டிருக்கேன். சொல்லு."

"உக்காருங்கண்ணே."

உட்காரவில்லை.

குழந்தை பிறந்துவிட்டது. பெண். நன்றாக இருக்கிறது. என் தினேயோதான் இல்லை. விடியும் முன்பே. ரத்தம் நிற்கவில்லை.

"சரி" என்றேன். "தகவல் சொன்னதுக்கு நன்றி" என்றும் சொன்னேன். பெண்டாட்டி செத்த சேதிக்கு யாராவது நன்றி சொல்வார்களா?

ஜூன் 15

பனியில் கணவாய் மூடிக் கிடக்கிறது. வண்டி போகாது. குதிரையும் போகாதாம். அவள் அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்.

ஜூன் 17

எதையாவது எழுது என்றால் எழுதலாம். பேசச் சொன்னால் முடியவில்லை.

கல்யாணத்தன்று என் வீட்டார் அவளுக்கு வைத்த பெயர் மா-துமெலோ. துமெலோவின் அம்மா. துமெலோ என்று அப்போது யாரும் இல்லை. எங்கள் லெசோத்தோவில் மருமகளுக்கு அப்படித்தான் பெயர் வைப்போம், பிறக்கப்போகும் பிள்ளையின் பெயரை முன்கூட்டியே சேர்த்து. மூன்று வருஷம் அந்தப் பெயரைச் சுமந்தாள். "உங்க துமெலோ எப்ப வருவான்னு கேட்டு சொல்லு, நான் எத்தனை நாள் இல்லாத புள்ளைக்கு அம்மாவா இருக்கிறது" என்று சிரிப்பாள்.

இப்போது துமெலோ இருக்கிறாள்.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். மே கடைசியில் மலைக்குப் போனாள். அந்த ஊர்க் கிளினிக்கின் சோலார் பேனல்கள் என் பொறுப்பு. ஏற்றிவிடும்போது சொன்னாள், "பயப்படாத. உன் வெளிச்சத்துலதான பெத்துக்கப் போறேன்."

இதை எழுதியிருக்கக் கூடாது.

ஜூன் 19

அவளைப் பாலம் வரை குதிரையில் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து வண்டி. கம்பளியில் சுற்றியிருந்தது. அவளுடைய கம்பளிதான், சோளக்கதிர் போட்டது. மடிப்பில் அவள் எப்போதும் குத்தும் ஊசி இல்லை. அதை மட்டும் தேடினேன். ஏன் என்று கேட்காதே.

ஜூன் 21, சனி

அடக்கம் செய்தோம். தெற்கே எங்களுக்கு வருஷத்திலேயே குட்டையான பகல். ஏழு மணிக்கு உதித்து ஐந்தே காலுக்குள் போய்விட்டது.

என் சட்டைக் கையில் ஏற்கெனவே ஒரு கறுப்புத் துணி இருந்தது, மார்ச்சில் போன சித்தப்பாவுக்காக. மூன்று மாதக் கெடு நேற்றோடு முடிந்தது. பெரியப்பா அதை வெட்டினார். தலையை மழித்தார்கள். பிறகு அதே இடத்தில், அதே ஊசியில், புதுத் துணி.

"இன்னும் மூணு மாசம். பொழுது இறங்கறப்போ நீ உன் வீட்டுக்குள்ள இருக்கணும். ராத்தங்கல் கூடாது. தெரியுமில்ல?"

தெரியும் பெரியப்பா. நன்றாகவே தெரியும்.

ஜூன் 22

கணக்குப் போடுகிறேன். வேறு எதுவும் எனக்கு வராது.

பேனல் நிற்கும் சட்டத்தில் மூன்று துளைகள். முதல் துளை கோடைக்கு, பதினைந்து டிகிரி; பேனல் கிட்டத்தட்டப் படுத்திருக்கும். நடுத்துளை முப்பது. கடைசித் துளை குளிர்காலத்துக்கு, நாற்பத்தைந்து. ஜூனில் சூரியன் வடக்கே தாழ்ந்து போகும். உச்சிப்பொழுதிலும் முப்பத்தேழு டிகிரிக்கு மேல் ஏறாது. அதனால் பேனலை நிமிர்த்த வேண்டும். ஏப்ரல் முதல் வாரம் எல்லாக் கிளினிக்குகளிலும் நிமிர்த்திவிடுவேன்.

மேல் கிளினிக்கில் நிமிர்த்தவில்லை. அங்கே போய்வர இரண்டு நாள். ஒரு இரவு தங்கியாக வேண்டும். சட்டைக் கையில் சித்தப்பாவின் துணி. "துக்கத்துல இருக்கறவன் வெளியில படுத்தா தீட்டு வயித்துப் புள்ளைக்காரிய தாக்கும். உன் பொண்டாட்டி முழுகாம இருக்கா" என்றார் பெரியப்பா. எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. டிப்ளமோ படித்தவன். ஆனாலும் போகவில்லை. நம்பாதவனுக்கும் பெண்டாட்டி விஷயத்தில் பயம் இருக்கிறதே.

அங்கே பேட்டரியோடு இணைத்த பெட்டி, எத்தனை சதவீதம் மிச்சம் என்று சாயங்காலந்தோறும் சாட்டிலைட் வழியாக என் போனுக்குச் செய்தி அனுப்பும்; பத்துக்குக் கீழே போனால் உடனே அனுப்பும்.

12ஆம் தேதி: பேட்டரி 31.
13ஆம் தேதி: பேட்டரி 18.
14ஆம் தேதி காலை 4.41: பேட்டரி 9.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

12ஆம் தேதி கணவாய் திறந்திருந்தது. கருவிப் பையைக் கட்டி வாசலில் வைத்தேன். பெரியப்பா அதைக் காலால் உள்ளே தள்ளினார். நான் திரும்ப எடுக்கவில்லை.

அன்று ராத்திரி பனி கொட்டியது. 13ஆம் தேதி மதியம் இரண்டு மணி நேரம் வெயில் அடித்தது. நாற்பத்தைந்தில் இருந்திருந்தால் பனி வழுக்கி விழுந்திருக்கும். பதினைந்தில் அப்படியே படுத்திருக்கும், மெத்தை மாதிரி. இரண்டு மணி நேர வெயில், ஆறு பேனல்: நாற்பதுக்கு ஏறியிருக்கும். விளக்குக்கும் வயர்லெஸுக்கும் விடியும்வரை போதும்.

பலேசா போன் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்திருக்கிறாள். உதவிக்குக் கூப்பிட வயர்லெஸ் எடுக்கவில்லை.

ஜூன் 24

பலேசாவிடம் கேட்டேன். நேராகவே கேட்டேன்.

"வயர்லெஸ் இருந்திருந்தா?"

"வண்டி வந்திருக்காதுண்ணே. கணவாய் மூடிடுச்சு. ஹெலிகாப்டரும் அந்த மேகத்துல..."

"வெளிச்சம் இருந்திருந்தா?"

"எனக்குத் தெரியலண்ணே. தினமும் அதையேதான் நினைச்சுக்கிட்டிருக்கேன்."

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஜூன் 25

மே மாதம் ஒரு ஞாயிறு. எழுதி வைக்கிறேன், மறந்துவிடும்.

தினேயோ தன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் தயாரித்துக்கொண்டிருந்தாள். பருவங்கள் ஏன் மாறுகின்றன. "ஜனவரியில பூமி சூரியனுக்குக் கிட்ட போகுது, அதான் கோடை. ஜூலையில தூரமா போகுது, அதான் குளிர்" என்று வாய்விட்டுப் படித்தாள்.

"தப்பு" என்றேன்.

"எது தப்பு? ஜனவரியில கிட்ட இல்லையா?"

"கிட்டதான். ஆனா காரணம் அது இல்ல."

"கிட்ட போனா சுடும். அடுப்புக்குத் தெரியுது, உனக்குத் தெரியல."

உருளைக்கிழங்கை எடுத்துக் குச்சி குத்திச் சாய்த்துப் பிடித்தேன். விளக்கைச் சுற்றி நடந்தேன். பூமி இப்படிச் சாய்ந்தே சுற்றுகிறது. சாய்வு மாறாது, திசை மாறாது. ஜனவரியில் நம் தெற்குப் பாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும். வெயில் நேராக விழும், பகல் நீளும். ஜூலையில் விலகிச் சாய்ந்திருக்கும். வெயில் சரிந்து விழும், பகல் சுருங்கும். நடுவில் இரண்டு தடவை இந்தப் பக்கமும் இல்லை அந்தப் பக்கமும் இல்லை: இலையுதிர் காலம், வசந்தம். தூரம்தான் காரணமென்றால் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் குளிர வேண்டுமே? நமக்குக் குளிரும்போது வடக்கே அவர்களுக்குக் கோடை. அவர்களிடம் போய் உன் கதையைச் சொல், சிரிப்பார்கள். இங்கே மட்டும்தான் அந்தத் தப்பு சரி மாதிரித் தெரியும்.

அரைமணி நேரம் பேசினேன். வயிற்றின்மேல் நோட்டை வைத்துக்கொண்டு கேட்டாள். கடைசியில் சொன்னாள்:

"சாய்வு சாய்வுன்னு உருளைக்கிழங்கைச் சாய்க்கிறியே. முதல்ல மலைமேல இருக்கிற உன் பேனலைச் சாய்ச்சுட்டு வா. அப்புறம் எனக்குப் பாடம் எடு."

சிரித்தோம். ரெண்டு பேரும் சிரிச்சோம். அன்னைக்கு மே பதினெட்டு. பனி விழல. கணவாய் திறந்து கிடந்தது.

ஜூலை 1

மாமியார் கூப்பிட்டார். குழந்தை பால்பொடிக்குப் பழகிவிட்டதாம். பெயரைக் கேட்டார், உறுதிசெய்ய.

"துமெலோதானம்மா. முன்னமே வச்சதுதான."

"வந்து பாக்கலையே நீ."

துணியைக் காட்டித் தப்பித்தேன். பொழுது இறங்குவதற்குள் வீட்டில் இருக்க வேண்டுமே அம்மா. உண்மை அதுவல்ல. அவர் முகத்தைப் பார்க்க முடியாது என்னால். ஊரில் அவரை மா-தினேயோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். இனியும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஜூலை 3

இந்த வாரம்தான் பூமி சூரியனை விட்டு மிக விலகி நிற்கிறது. குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது. நீ சொன்ன மாதிரியே, தூரமும் இருக்கிறது, குளிரும் இருக்கிறது.

தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 5

மேல் கிளினிக்: பேட்டரி 26. பனியைத் துடைப்பத்தால் தள்ளுகிறார்கள். பேனல் இன்னும் முதல் துளையில்தான்.

போனை எங்கும் வைப்பதில்லை. குளிக்கும்போதும் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில். சத்தம் வந்தால் ஈரக்கையோடு எடுக்கிறேன். வராவிட்டாலும் எடுத்துப் பார்க்கிறேன்.

ஜூலை 7

என்னோடு வேலை செய்பவன் மோஹாபி. அவனைப் போகச் சொல்லிக் கேட்டேன். தெற்குப் பக்கம் இரண்டு கிளினிக்கில் இன்வெர்ட்டர் போய்விட்டது, பத்து நாள் ஆகும் என்றான்.

"நீயே போயேன்டா. ஒரு துணித்துண்டு உன்னைக் கட்டிப்போடுதா?"

"உங்க வீட்டுல துக்கம் வந்தா நீ போவியா?"

யோசித்தான். "எங்கம்மா உயிரோட இருக்கறவரைக்கும் மாட்டேன்" என்றான்.

ஜூலை 8, காலை 9.15

பலேசா. பிரசவத்துக்காக இரண்டு பெண்கள் வந்து தங்கியிருக்கிறார்கள். ஒருத்திக்கு இரட்டை. நேற்றுச் சாயங்காலம் பேட்டரி 22. "உங்கள இப்ப கேக்கக் கூடாதுண்ணே, தெரியும்" என்றாள். கேட்டுவிட்டாள்.

பெரியப்பாவிடம் சொன்னேன்.

"இன்னும் என்ன மிச்சம் இருக்கு உனக்கு? ஒரே ஒரு புள்ளை. துணியோட வெளியில படுத்தா தீட்டு எங்க போய் விழும்னு நினைக்கிற?"

அதே வார்த்தை. அதே பயம். ஏப்ரலில் எந்த இடத்தில் என் கை நின்றதோ அதே இடத்தில் நிற்கிறது.

ஜூலை 9

மாமியாரைக் கூப்பிட்டேன். பேனலை நிமிர்த்த வரணும், ராத்தங்கல் ஆகும் என்று மட்டும் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

குழந்தை முனகும் சத்தம் கேட்டது.

"எத்தனை மணிக்கு வெளிச்சம் வருது அங்க?"

"ஏழு."

"வெளிச்சம் வந்ததும் கிளம்பு. மாமியார் வீடா இருந்தாலும் வீடுதான். பொழுது இறங்கறதுக்குள்ள வந்து சேரு."

பகல் பத்தேகால் மணி நேரம். வண்டியில் பாலம் வரை மூன்று மணி. குதிரையில் ஐந்து. இடிக்காது.

ஜூலை 12

நேற்று எழுத முடியவில்லை.

இடித்தது. கணவாயின் நிழல்பக்கம் பாதை முழுக்கப் பனிக்கட்டி. குதிரையை நடத்தியே கொண்டுபோனேன். மூன்று மணிக்கு முன்பே இருக்க வேண்டிய இடத்துக்கு ஐந்து மணிக்கு வந்தேன். ஊர் கீழே தெரிந்தது, புகையோடு. இன்னும் அரைமணி நடை. சூரியன் முகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஓடப் பார்த்தேன். நம்பிக்கை இல்லாதவன் ஓடினேன். எங்கோ ஒரு குழந்தைக்காக, இதுவரை பார்க்காத குழந்தைக்காக.

பாதைத் திருப்பத்தில் ஒரு உருவம். கம்பளி போர்த்தி, கைகாட்டி மரம்போல. மாமியார்.

தரையில் பனியை ஒதுக்கிப் பாய் விரித்திருந்தார். இரண்டு கல்லுக்கு நடுவில் வறட்டி எரிந்துகொண்டிருந்தது. முதுகில், ஆட்டுத்தோலுக்கும் கம்பளிக்கும் உள்ளே, குழந்தை.

"இந்தக் குளிர்ல புள்ளையத் தூக்கிட்டு..."

"கத்தாத. அடுப்பு எரியுது. பாய் கிடக்கு. புள்ளை இருக்கு. வேற என்ன வேணும் வீட்டுக்கு? உக்காரு. சூரியன் போறதுக்குள்ள உக்காரு மாப்ளே!"

உட்கார்ந்தேன். நான்கு வாரமாக நின்றுகொண்டிருந்தவன் உட்கார்ந்தேன். வெளிச்சம் என் முழங்காலில் இருந்தது, பிறகு பாயில், பிறகு இல்லை.

பிளாஸ்க்கிலிருந்து புளித்த கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். "மூணு மணியிலேர்ந்து நிக்கிறேன். உன் நடை எனக்குத் தெரியும். என் பொண்ணு சொல்லிச் சிரிப்பா, ஆமை பேட்டரி போட்டு நடக்குற மாதிரின்னு."

அப்போதுதான் சொன்னேன். எல்லாவற்றையும். ஏப்ரல், பதினைந்து டிகிரி, மெத்தை மாதிரி பனி, 31, 18, 9. வாசலில் கட்டி வைத்த பை. "அம்மா, நான் வந்திருந்தா அவ இருந்திருப்பா. இருந்திருக்கலாம். எனக்குத் தெரியலம்மா. நான் வரல. வந்திருக்கணும், வரல."

அவர் நெருப்பைக் குச்சியால் கிளறினார்.

"பேனல் சாயாதது எனக்குத் தெரியும். ஏப்ரல்லயே பலேசா சொன்னா. நீ வரணும்னு கேட்டுக்கிட்டிருந்தா." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க பெரியப்பனுக்கு ஆள் அனுப்பினது நான். துணி வெட்டுற வரைக்கும் மாப்ளைய மலை ஏத்தாதீங்க, என் பொண்ணு மாசமா இருக்கான்னு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"சொல்லு இப்ப. ரெண்டு பேர்ல யார் கழுத்தை யார் பிடிக்கிறது?"

பிறகு முதுகிலிருந்து குழந்தையை அவிழ்த்து, என் மடியில் வைத்தார். ஒரு சின்னச் சுமை. சூடாக இருந்தது. முகத்தைப் பார்த்தேன். யார் சாயலும் இன்னும் வரவில்லை. கம்பளியை மடித்துக் குத்தியிருந்த ஊசி தினேயோவுடையது.

"கிளம்பு" என்றார். "வீட்டுக்குள்ளதான் இருந்த. இனி இருட்டுல நடந்தா தப்பில்ல."

இன்று காலை எட்டு மணிக்குக் கிளினிக்கின் பேனல் சட்டத்தில் ஏறினேன். போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தது. சுத்தியலால் தட்டித்தான் வந்தது. ஆறு பேனல், கடைசித் துளை, கோணமானியில் நாற்பத்தைந்து. நிமிர்த்தும்போதே ஒவ்வொன்றிலிருந்தும் பனி மொத்தமாக வழுக்கி விழுந்தது. மொத்தம் நாற்பது நிமிட வேலை.

நாற்பது நிமிடம்.

ஜூலை 13

வீடு திரும்பினேன். மேல் கிளினிக்: பேட்டரி 71.

ஜூலை 20

பெரியப்பா பேசுவதில்லை. மாமியார் அவருக்குச் சேதி அனுப்பியிருக்கிறார்: "பொழுது இறங்கறப்போ மாப்ளை வீட்டுலதான் இருந்தார். சாட்சி நான்."

ஜூலை 29, காலை 6.05

பலேசா. இரட்டைப் பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் சுகம். "கடைசிவரைக்கும் விளக்கு எரிஞ்சதுண்ணே."

நேரத்தைக் குறித்தேன். சந்தோஷம் என்றேன். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். எரிந்தது. எரியும். அதுதானே சொன்னேன், எரியும் என்று.

ஆகஸ்ட் 17

பள்ளிக்கூடத்திலிருந்து அவள் பொருட்களைக் கொடுத்தனுப்பினார்கள். சாக்பீஸ் டப்பா, குடை, அந்த நோட்டு.

தூரக் கதையை ஒரே கோடு போட்டு அடித்திருக்கிறாள். கீழே ஒரு உருளைக்கிழங்கு வரைந்து குச்சி குத்தியிருக்கிறாள். பக்கத்தில் ஒரு ஆள், பெரிய வாயோடு. நான்தான். அதற்கும் கீழே பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி: "பூமி சாயாமல் நேராக நின்றால் என்ன ஆகும்?"

விடைக்கு மூன்று வரி இடம் விட்டிருக்கிறாள். எழுதவில்லை.

ஆகஸ்ட் 18

நேராக நின்றால் பருவம் இல்லை. வருஷம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணி, இரவு பன்னிரண்டு மணி. சட்டத்தில் ஒரு துளை போதும். யாரும் மலை ஏறி மாற்ற வேண்டாம். யாரும் மாற்றாமல் விடவும் முடியாது.

அவ இருந்திருப்பா.

இல்லை. அதுவும் தெரியாது. எழுதிவிட்டு அடித்தேன். மூன்று வரி காலியாகவே இருக்கட்டும்.

செப்டம்பர் 6

பீச் மரங்கள் பூத்துவிட்டன. யாரைக் கேட்டுப் பூத்தன?

செப்டம்பர் 22, திங்கள்

மலைக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. துணியை மாமியாரே வெட்டினார். பெரியப்பா வந்து வெட்ட வேண்டியது. வரவில்லை. ஆனால் கத்தரிக்கோலைக் கொடுத்தனுப்பியிருந்தார். துணியில் குத்தியிருந்த ஊசியை என்ன செய்வது என்று மாமியாரைக் கேட்டேன். "வச்சிக்க. கம்பளிக்கு ஆகும்" என்றார்.

காலையில் பேனல்களை நடுத்துளைக்கு மாற்றினேன். முப்பது. பலேசா கீழிருந்து ஸ்பானர் நீட்டினாள். மோஹாபிக்குக் கூப்பிட்டு, இந்த வாரத்திலிருந்து எல்லாக் கிளினிக்கின் செய்தியும் அவன் எண்ணுக்கும் போக ஏற்பாடு செய்தேன். "அப்பாடா, கேட்டுட்டியா" என்றான்.

ஆறுக்குச் சற்று முன் உதித்தது, ஆறுக்கு இறங்குகிறது. இன்று பூமி சூரியன் பக்கமும் சாயவில்லை, விலகியும் சாயவில்லை. நேராக நிற்பது போலத்தான். ஒரு நாள். அவளுடைய கேள்விக்கு இன்று ஒரு நாள் விடை தெரியும்: ஒன்றும் ஆகவில்லை. கீழே அவள் கல்லறை இன்னும் ஒரு மாதத்தில் புல் பிடித்துவிடும். அவ்வளவுதான்.

மாமியார் களி கிண்டப் போயிருக்கிறார். யாரோ வேலிக்கு அப்பால் "மா-தினேயோ!" என்று கூப்பிட்டார்கள். "ஓய்" என்று குரல் கொடுத்தார், எப்போதும் போல. துமெலோ என் தொடையில் தூங்குகிறாள். வாய் திறந்திருக்கிறது. சாயல் வரத் தொடங்கியிருக்கிறது.

மாலை 6.02. மேல் கிளினிக்: பேட்டரி 100.

படித்தேன். போனை அணைத்துவிட்டேன்.